ஊசிமுனை

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே கென்ட்டில் இப்போது பிற்பகல். டொராண்டோவில் இருப்பவர்கள் காலைக் காபியோடும் சிட்னியில் இருப்பவர்கள் தூக்கக் கலக்கத்தோடும் இணைந்திருப்பீர்கள். பல வருடங்களாக இரவுப்பணி பார்க்கிறவள் நான். நள்ளிரவில் விழித்திருப்பவர்கள்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஒருங்கிணைப்பாளர்கள் என்னை ஒரு நாவலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு வரலாற்றைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன், சம்மதித்தார்கள். மிகச் சிறிய பொருட்களை மிக அருகில் போய்ப் பார்த்த சில மனிதர்களின் வரலாறு அது. இன்று மேக்ரோ புகைப்படம் என்கிறோமே, அதற்கு முன்னோர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். இதன் நடுவில் என் வேலையில் நான் செய்த ஒரு தவறும் வரும். அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை என்னால் சொல்ல முடியாது.

2021 ஜனவரியில் பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கினேன். அந்த நாட்களில் ஒரு செவிலி எப்படி வீடு திரும்பியிருப்பாள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு வேறு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, வாங்கிவிட்டேன். மூன்று வாரம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். எடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் குளிர்காலத்தில் வண்ணத்துப்பூச்சி ஏது, தும்பி ஏது? நாகர்கோவிலில் இருக்கும் தம்பியிடம் போனில் புலம்பினேன். நம் வீட்டுக் கொல்லையில் நின்றால் ஒரு மணி நேரத்தில் நூறு படம் எடுக்கலாம், இங்கே என்ன இருக்கிறது என்றேன். "எக்கா, ஒனக்க வீட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டான். கேலி செய்கிறான் என்று நினைத்து போனை வைத்துவிட்டேன்.

மேக்ரோ என்றால் என்ன என்று புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பொருள் நிஜத்தில் எவ்வளவு பெரிதோ அதே அளவில் கேமராவின் சென்சாரில் விழுந்தால் அது 1:1. முழுச்சட்டக் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. பெரிய தபால்தலை ஒன்றின் அளவு. அந்தத் தபால்தலைக்குள் அடங்குகிற எதுவும் உங்கள் படம் முழுவதையும் நிறைத்துவிடும். ஆனால் அவ்வளவு அருகில் போகும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கிவிடுகிறது. எஃப் 8 துளையில்கூட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் துல்லியமாக இருக்கும். நீங்கள் மூச்சு விட்டாலே அந்த மில்லிமீட்டர் கைவிட்டுப் போகும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன். எதை எடுப்பது என்பது மட்டும் விளங்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் ராபர்ட் ஹூக்கிடம் வந்து சேர்ந்தேன்.

1665ஆம் ஆண்டு லண்டனில் அவருடைய 'மைக்ரோகிராஃபியா' வெளிவந்தது. நுண்ணோக்கியில் பார்த்தவற்றைப் பெரிய செதுக்கோவியங்களாக அச்சிட்ட புத்தகம். ஹூக்குக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. அரசுப் பணியில் இருந்த சாமுவேல் பீப்ஸ் அதை வாங்கிவந்து இரவு இரண்டு மணிவரை படித்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்திலுள்ள தெள்ளுப்பூச்சியின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். மடித்து வைத்த பெரிய தாளை விரித்தால் கவசம் அணிந்த குதிரையைப் போல ஒரு தெள்ளுப்பூச்சி நிற்கும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது தெள்ளுப்பூச்சி அல்ல, புத்தகத்தின் வரிசை. இதுவரை யாரும் பார்க்காத உலகத்தைக் காட்டப்போகும் மனிதர் முதலில் எதை எடுத்து வைக்கிறார்? ஒரு ஊசியின் முனை. இரண்டாவதாகச் சவரக்கத்தியின் கூர். பிறகு மெல்லிய லினன் துணி, பிறகு பட்டு. எல்லாம் ஒரு வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பவை. முதல் கட்டுரையிலேயே அச்சிட்ட முற்றுப்புள்ளி ஒன்றையும் பார்க்கிறார். கண்ணுக்கு வட்டமாகத் தெரியும் புள்ளி, கண்ணாடியின் கீழ் ஓரம் சிதறிய அழுக்குத் திட்டாக மாறிவிடுகிறது. கூர்மைக்கு உவமையாக நாம் சொல்லும் ஊசிமுனை, மழுங்கி, மேடுபள்ளமாக, கீறல்களோடு நிற்கிறது.

நான் ஒரு நாளில் எத்தனை ஊசி கையில் எடுக்கிறேன்! ஒன்றின் முனையையாவது பார்த்திருக்கிறேனா? அன்றிரவு தையல் பெட்டியைத் திறந்தேன். கறுப்புத் துணியின்மேல் ஒரு ஊசியை வைத்து, ஜன்னலோர மேசையில் விளக்கைச் சரித்து வைத்து எடுத்தேன். நாற்பது படங்களில் ஒன்று தேறியது. என் முதல் மேக்ரோ படம் அதுதான்.

ஹூக்கிடம் கற்க இன்னொன்றும் இருக்கிறது. லண்டனின் மங்கிய வெளிச்சம் அவருக்குப் போதவில்லை. எண்ணெய் விளக்கின் ஒளியை நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை வழியாகச் செலுத்திப் பொருளின்மேல் குவித்தார். ஒளியைத் தேடிப் பொருளிடம் போகாமல், பொருள் இருக்கும் இடத்துக்கு ஒளியைக் கொண்டுவந்தார். இன்று புதிதாகத் தொடங்குகிறவர் செய்ய வேண்டியதும் இதைத்தான். ஒரு மேசை, ஒரு விளக்கு, விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எறும்பை வரையும்போது அவர் பட்ட பாடு வேடிக்கையானது. உயிரோடு வைத்தால் நிற்காது. கொன்றால் உடல் சுருங்கிவிடும். கடைசியில் பிராந்தியை ஊற்றினார். எறும்பு போதையில் மயங்கிக் கிடந்தது, இவர் வரைந்துகொண்டார். பிறகு அது தெளிந்து எழுந்து ஓடிவிட்டது. இன்று சிலர் பூச்சிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. விடியற்காலைக் குளிரில் பூச்சிகள் தாமாகவே அசையாமல் இருக்கும். சீக்கிரம் எழுந்தால் போதும். இரவுப்பணி முடிந்து வருகிறவளுக்கு அதுவும் தேவையில்லை.

அடுத்தவர் ஆண்டனி வான் லேவன்ஹூக். 1632இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர், துணி வியாபாரி. பல்கலைக்கழகம் பக்கம் போகவில்லை; லத்தீன் தெரியாது. அந்தக் காலத்துத் துணி வியாபாரிகள் நூலின் தரத்தைப் பார்க்கச் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பார்கள். தொழில் கொடுத்த அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கடுகளவுள்ள லென்ஸ்களைத் தானே செய்தார். அவர் செய்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் சிறந்தது ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்குகிறது.

நான் படித்தது மூன்று வருடப் பட்டயம். மருத்துவர்கள் கூடியிருக்கும் அறையில் நான் பார்த்ததைச் சொல்வதற்கு முன் நாக்கு தயங்கும். அதனால் எனக்கு லேவன்ஹூக்மீது ஒரு சொந்தம். 1673 முதல் லண்டனின் ராயல் சொசைட்டிக்குத் தனக்குத் தெரிந்த ஒரே மொழியான டச்சில் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1680இல் அவரை உறுப்பினராக்கினார்கள். 1723இல், தொண்ணூறு வயதில் இறக்கும்வரை எழுதுவதை நிறுத்தவில்லை.

அவர் எதைப் பார்த்தார்? பூஞ்சணம், தேனீயின் கொடுக்கு, பேன். ஏரித் தண்ணீர். பேன் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று அறிய, தன் காலுறைக்குள்ளேயே பேன்களை விட்டுக் காலில் கட்டிக்கொண்டு திரிந்தார். 1683இல் தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுத்தார். தினமும் உப்பால் பல் துலக்குகிறவர் அவர். அப்படியும் அதற்குள் எத்தனையோ உயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன. பாக்டீரியாவைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று, ஒரு மனிதர் தன் வாய்க்குள்ளிருந்து எடுத்தது.

அதற்கும் முன்னால், 1676இல், மிளகு. நம் மிளகுதான். மிளகு ஏன் நாக்கில் காரமாகக் குத்துகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். முள் மாதிரி ஏதாவது இருக்குமோ என்று மிளகைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார். முள் இல்லை. மூன்று வாரம் ஊறிய அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. லண்டனில் முதலில் யாரும் நம்பவில்லை. 1677 நவம்பரில் ராயல் சொசைட்டியின் கூட்டத்தில் மிளகு ஊறிய தண்ணீரை வைத்து அதை மெய்ப்பித்துக் காட்டியவர் யார் தெரியுமா? ஹூக். ஊசிமுனையில் தொடங்கியவரும் மிளகில் தடுமாறி விழுந்தவரும் ஒரு சொட்டுத் தண்ணீரில் சந்தித்துக்கொண்டார்கள்.

இதைப் படித்த அன்று அஞ்சறைப்பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்தேன். மிளகு, கடுகு, சீரகம், வெந்தயம், கிராம்பு. ஒரு வார இரவுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. சீரகத்தின் முதுகில் வரிவரியாக ஓடும் மேடுகளையும் அவற்றின்மேல் இருக்கும் மெல்லிய முடிகளையும் நாற்பது வயதில் முதல் முறையாகப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் தடவை தாளித்திருப்பேன்!

கேமரா வந்த பிறகு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். 1799இல் கென்ட்டின் டன்பிரிட்ஜில் பிறந்த அன்னா அட்கின்ஸ். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்து, அறிவியலாளரான தந்தையிடம் வளர்ந்தவர். 1842இல் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்புகளைப் பூசிய தாளில் சூரிய ஒளியால் படம் பதியும் முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அட்கின்ஸ் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். கடற்பாசிகளை அந்தத் தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினார். நீலத்தின் நடுவே வெள்ளையாகப் பாசியின் வடிவம் நின்றது. 1843இல் அவர் வெளியிடத் தொடங்கிய பிரிட்டிஷ் கடற்பாசிகள் தொகுதிதான் புகைப்படங்களை ஓவியங்களின் இடத்தில் வைத்த முதல் புத்தகம் என்று சொல்லப்படுகிறது. லென்ஸும் இல்லை, கேமராவும் இல்லை. பொருள் தாளையே தொட்டுக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு படமும் சரியாக 1:1. நாம் இன்று விலை கொடுத்து வாங்கும் அளவை அவர் வெயிலிடமிருந்து வாங்கினார்.

அட்கின்ஸிடம் ஒரு பட்டியல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வில்லியம் ஹார்வி என்ற தாவரவியலாளர் 1841இல் எழுதிய கடற்பாசிக் கையேடு அது. பெயர்களும் விளக்கங்களும் இருந்தன, படங்கள் இல்லை. அந்தக் குறையைப் பார்த்துத்தான் அவர் பாசிகளைத் தாளில் பரப்பினார். ஆகவே பட்டியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் எது விடுபட்டிருக்கிறது என்று கேட்பவருக்கு அது உதவும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இன்னும் இருவர், ஒரே ஆண்டில், 1865இல், வேறு வேறு கண்டங்களில் பிறந்தவர்கள். ஒருவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரின் விவசாயி வில்சன் பென்ட்லி. ஊர்ப்பெயரைப் பார்த்ததும் வேதாகமத்து எரிகோவின் வெயில் ஞாபகம் வரும். இது பனி கொட்டும் ஊர். பதினைந்து வயதில் அம்மா கொடுத்த பழைய நுண்ணோக்கியில் பனித்துகள்களைப் பார்த்தார். வரைய முயன்றார், வரைந்து முடிப்பதற்குள் உருகிவிட்டன. நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று, இருபது வயது நிறையும் முன்பே, ஒரு பனித்துகளைப் படம் பிடித்தார். கறுப்புப் பலகையில் பனியை ஏந்துவார். நல்ல துகளை மெல்லிய குச்சியால் எடுப்பார், இறகால் மெதுவாக அழுத்திப் படியவைப்பார். மூச்சுக்காற்று பட்டால் போய்விடும், மூச்சை அடக்கிக்கொள்வார். வேலை செய்த கொட்டகைக்குக் கணப்பு கிடையாது. 5,000க்கும் மேற்பட்ட பனித்துகள்கள், நாற்பத்தாறு ஆண்டுகள். 1931இல் அவருடைய படங்கள் புத்தகமாக வந்தன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நிமோனியாவில் இறந்தார். பனியைப் பார்க்க அவர் எங்கும் பயணப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மண்வெட்டியால் அள்ளி எறிந்துகொண்டிருந்த அதே பனி.

மற்றவர் ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். பெர்லினில் கலைத்தொழில் பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்கு வடிவங்களைக் கற்பிப்பதற்காகத் தானே செய்த கேமராவில் செடிகளைப் பெரிதாக்கிப் படம் எடுத்தார். சாலையோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் முளைத்துக் கிடந்தவற்றைத்தான் அதிகம் பறித்துவந்தார். சுருண்டிருக்கும் பெரணித் தளிரை அவர் படத்தில் பார்த்தால் ஆயரின் கையிலிருக்கும் கோல் போல இருக்கும். முப்பது ஆண்டுகள் வகுப்பறைச் சுவரில் இருந்த படங்கள் 1928இல் புத்தகமாயின. ஒரே இரவில் புகழ் வந்தது என்பார்கள். அவருக்கு அப்போது 63 வயது.

ஊசி, மிளகு, பாசி, பனி, ரயில் பாதைச் செடி. இந்த ஐவரையும் அடுத்தடுத்து வைத்தபோது என் பிரச்சினை எனக்கே புரிந்தது. எனக்குப் பொருள் கிடைக்காமல் இல்லை. நான் வேறு யாரோ எடுத்த படங்களின் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். வண்ணத்துப்பூச்சி, தும்பி, புல்நுனியில் பனித்துளி. அது கிடைக்காத இடத்தில் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் புகைப்படம் மட்டும் அல்ல.

அந்த வருடம் பிப்ரவரியில் என் வார்டில் முதியவர் ஒருவர் இருந்தார். கரீபியனிலிருந்து இளவயதில் வந்து, இந்த நாட்டில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிடக் கறுத்தவர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். முதல் இரவு, "குதிகால் எரிகிறது" என்றார். போர்வையை விலக்கி விளக்கடித்துப் பார்த்தேன். படுக்கைப்புண்ணுக்கு முதல் அறிகுறி தோல் சிவப்பது. விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு மறையாது. அப்படித்தான் நான் படித்திருந்தேன். சிவப்பு இல்லை. "ஒன்றுமில்லை, தூங்குங்கள்" என்றேன். பதிவேட்டில் தோல் நன்றாக இருப்பதாக எழுதினேன். இரண்டாம் இரவும் அப்படியே.

மூன்றாம் இரவு என்னோடு பணியில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள், புறங்கையை அவர் குதிகாலில் வைத்தாள். மறுகாலில் வைத்தாள். "இது சூடாக இருக்கிறது, தொட்டுப் பாருங்கள்" என்றாள். தொட்டேன். சூடாகவும் சற்றுக் கெட்டியாகவும் இருந்தது. அந்தத் தோலுக்குக் கீழே சதை ஏற்கெனவே சாகத் தொடங்கியிருந்தது. சில நாட்களில் புண் திறந்துகொண்டது. ஆற நான்கு மாதம் ஆயிற்று.

கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். நிறம் சற்று மாறியிருக்கும், சூடாக இருக்கும், தொட்டால் வித்தியாசம் தெரியும், வலிக்கும். இவை இன்று பயிற்சியில் சொல்லித் தரப்படுகின்றன. நான் நாகர்கோவிலில் படித்த வகுப்பை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு அறை நிறையப் பெண்கள், எல்லோரும் மாநிறமும் கறுப்பும். தோல் சிவக்கும் என்று மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். யாருடைய தோல் சிவக்கும் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. என் கையைப் போன்ற ஒரு காலைக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு யாரோ ஒருவருடைய தோலின் நிறத்தை அதில் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ எரிகிறது என்று முதல் இரவே சொல்லிவிட்டார்.

சம்பவ அறிக்கையை நானே எழுதினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு ஹூக்கின் தெள்ளுப்பூச்சியை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அந்தப் புத்தகம் பீப்ஸின் கைக்கு வந்தது 1665 ஜனவரியில். அதே ஆண்டு வசந்தத்தில் தொடங்கி லண்டனில் கொள்ளைநோய் பரவியது. கோடையில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்றார்கள். நாய்களையும் பூனைகளையும் கொன்றார்கள். அந்த ஊரில்தான் தெள்ளுப்பூச்சி ஒன்று, ஒவ்வொரு மயிரும் தெரியும்படி, அதுவரை எவரும் காணாத துல்லியத்தோடு, வீட்டு அலமாரிகளில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஹூக் அதன் அழகையும் வலிமையையும் வியந்திருந்தார். அந்த இனத்துப் பூச்சிகளுக்கும் தெருவில் போகும் பிணவண்டிக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்கும் தெரியவில்லை, வேறு எவருக்கும் தெரியவில்லை.

தெரிய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் அந்த நோயின் பாக்டீரியாவைக் கண்டார். 1896இல் நோய் பம்பாயைத் தாக்கியது. அங்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சீமோன் நோயாளிகளின் உடலைக் கவனமாகப் பார்த்தார். எல்லோரும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வரும் நெறிக்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நோய்க்குப் புத்தகத்தில் இருந்த அடையாளம் அதுதான். சீமோன் சில நோயாளிகளின் கால்களில் மிகச் சிறிய கொப்புளம் ஒன்றைக் கண்டார். அதற்குள் நோய்க்கிருமி இருந்தது. பூச்சி கடித்த இடம் அது என்று ஊகித்தார். 1898இல் கராச்சியில் எலிகளை வைத்துச் சோதித்து, எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சி நோயைக் கடத்துகிறது என்று காட்டினார். உடனே நம்பினார்களா? பல ஆண்டுகள் கேலி செய்தார்கள்.

ஹூக்கிடம் நுண்ணோக்கி இருந்தது. சீமோன் அந்தக் கொப்புளத்தை முதலில் கண்டது வெறும் கண்ணால், கட்டிலில் கிடந்த ஒரு ஏழையின் காலில். பெரிதாக்கிக் காட்டுவது லென்ஸின் வேலை. எந்த இடத்தில் குனிய வேண்டும் என்பதை லென்ஸ் சொல்லாது.

இனி, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு வருகிறேன். எதை எடுப்பது? உங்கள் தொழில் உங்கள் கையில் எதை வைக்கிறது என்று முதலில் பாருங்கள். தையல்காரர் என்றால் நூல், பழுதுபார்ப்பவர் என்றால் மின்சுற்றுப் பலகை, சமையல்காரர் என்றால் உப்புக்கல். வாரம் ஒரே ஒரு பொருள் போதும். அதையே காலை வெளிச்சத்தில், விளக்கொளியில், பின்னாலிருந்து ஒளி வரும்படி, நனைத்து, காயவைத்துப் பாருங்கள். கறுப்புத் துணி ஒன்று, வெள்ளைத்தாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைப் புத்தகங்களின்மேல் வைத்து, இரண்டு நொடி தாமதித்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கை நடுக்கம் படத்தில் வராது. மேக்ரோ லென்ஸ் இல்லாவிட்டால், இருக்கும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்று வளையம் மலிவாகக் கிடைக்கும். கைபேசியில் மாட்டும் கிளிப் லென்ஸும் தொடங்குவதற்குப் போதும்.

வெளியே போனாலும் அதே கணக்குதான். எங்கள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் பழைய கற்களின்மேல் மஞ்சளும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக ஏதோ படர்ந்திருக்கும். பல வருடம் அதை அழுக்கு என்றே நினைத்திருந்தேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து லென்ஸோடு மண்டியிட்டபோது சின்னச் சின்னக் கிண்ணங்கள் தெரிந்தன. லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். சில வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். நம் பிரியாணியில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். இறந்தவரின் பெயர் அழிந்துபோன கல்லில், செட்டிநாட்டுச் சமையலறையின் சொந்தக்காரர் ஒருவர் குடியிருந்தார். பனிக்காலத்தில் பூச்சி இல்லை என்று புலம்பியவளுக்கு அந்த ஒரு தோட்டம் இன்றுவரை தீரவில்லை.

ஒன்றை மட்டும் நான் எடுப்பதில்லை. என் நோயாளிகளின் உடலை எடுப்பதில்லை. அங்கே என் கண்ணும் புறங்கையும் போதும்.

அந்த முதியவர் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு இரவு தூக்கம் வராமல் விழித்திருந்தார். கட்டு மாற்றிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல், கைபேசியிலிருந்த ஒரு படத்தைக் காட்டினேன். திரையை முகத்துக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஏதோ கோளா, மலையா என்று கேட்டார். மிளகு என்றேன். சிரித்துவிட்டு, இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்று மற்றக் காலும் கொஞ்சம் எரிகிறது" என்றார்.

போர்வையை விலக்கினேன். விளக்கை எடுக்கவில்லை. முதலில் கையை வைத்தேன்.